ஒரே தலைப்பு, பதினொரு படங்கள்

"கேமரா வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் ஓரளவு தெரியும். ஆனால் என் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. பூ, அந்தி வானம், குழந்தை சிரிப்பது, மறுபடி பூ. நண்பர்கள் சிலர் மாதம் ஒரு தலைப்பு வைத்து, ஆளுக்கு ஒரு படம் எடுத்துக் காட்டிக்கொள்கிறார்கள். பரிசு எதுவும் கிடையாது. அடுத்த தலைப்பு 'கை'. என்னையும் கூப்பிடுகிறார்கள். இதில் சேர்ந்தால் உண்மையிலேயே கை தேருமா, இல்லை வெறும் பொழுதுபோக்கா? சேர்வதற்கு முன் நல்ல லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேருங்கள். லென்ஸ் இப்போது வேண்டாம். பதில் அவ்வளவுதான். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்டால் மூன்றாவது மாதமே விலகிவிடுவீர்கள். பலர் அப்படித்தான் விலகுகிறார்கள். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நானும் இப்படி ஒரு குழுவில் ஆறேழு வருடமாக இருக்கிறேன். பதினொரு பேர். ஒருவருக்கும் இது தொழில் இல்லை.

சேர்ந்த புதிதில் நான் நினைத்தது இது: தலைப்பு நம்மை வீட்டைவிட்டுக் கிளப்பும், நிறைய எடுப்போம், எடுக்க எடுக்க வந்துவிடும். அது பாதிதான் உண்மை. நிறைய எடுக்கிறவர்கள் எல்லோரும் தேறிவிடுவதில்லை. ஒரே தவறை ஐயாயிரம் தடவை செய்தாலும் கேமரா மறுப்பு சொல்லாது. பலன் இருப்பது வேறு இடத்தில். தனியாக எடுக்கும்போது உங்கள் படத்தை எதோடு வைத்துப் பார்ப்பீர்கள்? உங்கள் பழைய படங்களோடு, இல்லாவிட்டால் உலகப் புகழ்பெற்ற படங்களோடு. முன்னதைப் பார்த்தால் 'பரவாயில்லையே' என்று தோன்றும். பின்னதைப் பார்த்தால் கேமராவைப் பரணில் போட்டுவிடலாம் என்று தோன்றும். இரண்டிலும் கற்க அதிகமில்லை. அதே மாதம், அதே தலைப்பில், உங்களைப் போலவே விடுமுறை நாளில் மட்டும் நேரம் கிடைக்கிற பத்துப் பேர் எடுத்த பத்துப் படங்களுக்கு நடுவில் உங்கள் படத்தை வைத்துப் பாருங்கள். ஒரே கேள்விக்குப் பதினொரு விடைத்தாள். அந்தக் கேள்வியோடு நீங்களும் மூன்று வாரம் மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். அதனால் மற்றவர் எங்கே சுலப வழியில் போனார், எங்கே துணிந்தார் என்பது உங்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். வேறு எந்த வகுப்பிலும் இது கிடைத்ததில்லை எனக்கு.

ஒருமுறை தலைப்பு 'காத்திருப்பு'. நான் எடுத்தது, பேருந்து நிறுத்தத்தில் ஒரு முதியவர். மடியில் பை, பார்வை சாலையின் கோடியில். எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது. மாதக் கடைசியில் எல்லாப் படங்களையும் வரிசையாகத் திரையில் ஓட்டினோம். பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம். ஏழாவது ஆள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்து வந்த படத்தில் ஆளே இல்லை. ஒரு வீட்டு வாசல், சாத்திய கதவு, கதவுக்கு மேலே ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. வானம் வெளுத்துவிட்டது, சுவரின் விரிசல்கூடத் தெரிகிறது. விடிந்த பிறகும் அணைக்காத விளக்கு. வர வேண்டியவர் ராத்திரி முழுக்க வரவில்லை. சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்தப் படத்தை எடுத்தவர் மூன்று நாள் விடியற்காலையில் எழுந்திருக்கிறார். முதல் நாள் தாமதமாகிவிட்டது. வானத்தின் வெளிச்சத்துக்கு முன்னால் பல்பு எரிவதே தெரியவில்லை. மறுநாள் சீக்கிரம் போய்விட்டார். வானம் இருட்டாக இருந்ததால் அது வெறும் இரவுப் படமாகிப்போனது. விளக்கின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் ஏறக்குறைய சமமாக நிற்கிற நேரம் ஒரு பத்து நிமிடம்தான் இருக்கும். மூன்றாம் நாள் அதற்குள் எடுத்தார். இன்னொன்றும் செய்தார். வொயிட் பேலன்ஸை, அதாவது எந்த ஒளியை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பை, தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு வைத்துவிட்டார். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் ஏற ஏற மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போகும். வீட்டுப் பல்பு சுமார் 2,700 கெல்வின், நடுப்பகல் வெயில் சுமார் 5,500 கெல்வின், சூரியன் எழுமுன் இருக்கிற வானம் அதையும் தாண்டி நீலமாக இருக்கும். தானியங்கியில் விட்டிருந்தால் கேமரா இரண்டுக்கும் நடுவில் சமரசம் பேசி மஞ்சளையும் நீலத்தையும் வெளுக்க வைத்திருக்கும். இவர் வைத்த அளவில் பல்பு மஞ்சளாகவும் வானம் நீலமாகவும் தனித்தனியாக நின்றன. வீட்டுக்காரர்களின் கவலை அந்த மஞ்சளில்தான் இருந்தது.

என் படம் கெட்ட படம் இல்லை. ஃபோகஸ் சரி, ஒளி சரி. ஆனால் அது யாருடைய படமாகவும் இருந்திருக்கலாம். தனியாக எடுத்திருந்தால் இது எனக்குத் தெரியவே தெரியாது. இன்னும் ஆறு முதியவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததால்தான் தெரிந்தது.

ஆகவே தலைப்பு வந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதல் வாரம் ஒரு தாளும் பேனாவும் போதும். தோன்றுவதையெல்லாம் எழுதுங்கள், இருபது சேரும்வரை. முதல் ஐந்தாறு சரசரவென்று வரும். அவை ஊருக்கே சொந்தமானவை. எட்டாவது வந்ததும் வறண்டுபோகும், மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அதற்குப் பிறகு வருவதில் பாதி உளறலாக இருக்கும். மீதிப் பாதியில் ஒன்று உங்கள் வீட்டில், உங்கள் வேலையில், உங்கள் ஞாபகத்தில் இருந்து வரும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நுட்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஓரளவு தெரியும்' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, 'வெள்ளை' என்ற தலைப்பு வரும்வரை. இதென்ன பிரமாதம் என்று மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளைக் கோப்பையை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன். தாளும் கோப்பையும் துவைக்காத துணி நிறத்தில் வந்தன. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அதே அழுக்கு. அப்புறம்தான் எப்போதோ படித்தது மண்டையில் உறைத்தது. எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று கேமராவின் ஒளிமானிக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும், சராசரியாக அது ஒரு நடுத்தரச் சாம்பல் என்றுதான் அடிப்படையில் கணக்குப் போடும். வந்து விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் என்பது பழைய கணக்கு. வெள்ளைக் கோப்பையும் சாம்பலாகும், கறுப்புப் பூனையும் சாம்பலாகும். கேமரா போட்ட கணக்கைவிட ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்று ஒரு அமைப்பு உண்டு. அதை ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) ஏற்றியதும் வெள்ளை வெள்ளையானது.

வெள்ளையானதும் கோப்பையைக் காணோம். விளிம்பு தாளோடு கரைந்துவிட்டது. வெள்ளையின் மேல் வெள்ளையைக் காட்டுவது நிழல்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மேசையைத் திருப்பினேன். எதிர்ப்பக்கம், படத்தில் விழாத தூரத்தில், ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தினேன். கோப்பையின் வலது ஓரத்தில் மெல்லிதாக ஒரு கருங்கோடு படிந்தது. கோப்பை எழுந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று மணி நேரம் போயிருந்தது. இதையெல்லாம் அதற்கு முன்பே இரண்டு இடத்தில் படித்திருந்தேன், தலையாட்டியும் இருந்தேன். கைக்கு வந்தது அன்றுதான். அந்த மாதம் என் படத்தைப் பற்றி யாரும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

'வேகம்' வந்த மாதமும் இப்படித்தான். பாதிப் பேர் ஷட்டரை 1/1000 நொடிக்கு ஏற்றி, ஓடுகிற சைக்கிளை உறைய வைத்தார்கள். ஆரக்கால் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது, சைக்கிள் மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஒருவர் 1/30 நொடிக்கு இறக்கி, சைக்கிளோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பி எடுத்திருந்தார். ஆள் தெளிவு, பின்னணி முழுக்க இழுபட்ட கோடுகள். அறுபது எடுத்து நான்கு தேறியது என்றார். அந்தக் கணக்கைக் கேட்டது எங்களுக்கெல்லாம் பெரிய ஆறுதல்.

சொல்லை வைத்துத் தரும் தலைப்பைவிட, கட்டுப்பாட்டை வைத்துத் தரும் தலைப்பு இன்னும் நன்றாக வேலை செய்யும் என்பது என் அனுபவம். இந்த மாதம் ஒரே ஒரு குவியத் தூரம் (லென்ஸ் எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதன் அளவு), ஜூம் கூடாது. இந்த மாதம் உங்கள் வீட்டு வாசலிலிருந்து நூறு அடிக்குள். இந்த மாதம் மொத்தமே 36 கிளிக், பழைய ஃபிலிம் சுருளில் இருந்த அளவு. எடுத்ததை அழிக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதை ஒரு தடவை செய்து பாருங்கள். இருபதாவது கிளிக் தாண்டியதும் விரல் தயங்க ஆரம்பிக்கும். அந்தத் தயக்கத்தில் ஃபிரேமின் நான்கு மூலையையும் ஒரு சுற்றுப் பார்ப்பீர்கள். தலைக்குப் பின்னால் முளைத்து நிற்கிற கம்பம் அப்போதுதான் கண்ணில் படும்.

புகைப்படக்கலையின் பெரியவர்கள் பலர் இந்தக் கட்டுப்பாட்டைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். செக் நாட்டின் யோசெஃப் சுடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். பிராக் நகரில் இருந்த தன் சின்ன ஸ்டூடியோவின் ஜன்னலை 1940-இலிருந்து 1954 வரை திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் பனி, கண்ணாடியில் வழியும் நீர், அதற்கு அப்பால் தோட்டத்தில் ஒரு கோணல் மரம். பதினான்கு வருடம் ஒரே ஜன்னல். அமெரிக்காவின் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் குடைமிளகாயைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தகரப் புனலுக்குள் அதை வைத்தபோதுதான் அவர் தேடிய வெளிச்சம் கிடைத்தது. புகழ்பெற்ற அந்தப் படத்தின் பெயரிலேயே 30 என்ற எண் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஜிம் பிராண்டன்பர்க்குடையது. நேஷனல் ஜியாகிரஃபிக் இதழுக்காக வேலை செய்தவர். ஒரு பணிக்கு நூற்றுக்கணக்கான ஃபிலிம் சுருள்களைச் செலவழித்துப் பழகியவர். 1994 இலையுதிர் காலத்தில், பகலும் இரவும் சமமாகிற நாளில் தொடங்கி ஆண்டின் மிகக் குறுகிய பகல்வரை, 90 நாள், நாளொன்றுக்கு ஒரே ஒரு கிளிக் என்று தனக்குத் தானே சவால் வைத்துக்கொண்டார். மினசோட்டாவின் வடக்குக் காட்டில், இரண்டாவது வாய்ப்பே கிடையாது என்ற விதியோடு. அவருக்கு நுட்பம் தெரியாமல் இல்லை, எல்லாம் தெரிந்து சலித்துப்போனதால்தான் அதைச் செய்தார். பூ, அந்தி வானம், மறுபடி பூ என்று நீங்கள் சொல்வதும் அந்தச் சலிப்பின் குட்டி வடிவம்தான்.

இது ஒன்றும் இன்றைய பழக்கம் இல்லை. புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். இருபது வருடம் ஆவதற்குள்ளேயே லண்டனில் ஆர்வலர்கள் ஒரு குழு சேர்ந்து, தாங்கள் எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். பின்னாளில் ஒரு பெட்டியில் படங்களைப் போட்டுத் தபாலில் சுற்றுக்கு விடுவார்கள். பெட்டி வீடு வீடாகப் போகும், ஒவ்வொருவரும் மற்றவர் படத்தைப் பற்றிக் குறிப்பு எழுதி, தன் பழைய படத்தை எடுத்துக்கொண்டு புதிதை வைத்து அனுப்ப வேண்டும். 1932-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் கண்காட்சியை வைத்த எஃப்/64 குழுவும் நண்பர்கள் கூட்டம்தான். லென்ஸின் மிகச் சிறிய துளையின் பெயரை வைத்துக்கொண்டு, முன்னால் இருப்பதிலிருந்து பின்னால் இருப்பதுவரை எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும் என்ற ஒரே பிடிவாதத்தோடு எடுத்தவர்கள். ஆன்செல் ஆடம்ஸ், இமோஜன் கன்னிங்ஹாம், மேலே சொன்ன வெஸ்டன் எல்லோரும் அதில் இருந்தார்கள். அந்தக் கண்காட்சியில் இடம்பெற்றவர்களும் 11 பேர். எங்கள் குழுவுக்கும் அவர்களுக்கும் உள்ள ஒற்றுமை அந்த எண்ணோடு முடிகிறது.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் நினைப்பதற்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு படம் என்ற விதி. ஐந்து அனுப்பலாம் என்று உங்கள் நண்பர்கள் தளர்த்தினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒன்றே ஒன்று என்னும்போதுதான் மற்ற எண்பத்தைந்தையும் கைவிட வேண்டியிருக்கும். ஏன் இது, ஏன் அது இல்லை என்று உங்களுக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும். எடுப்பதில் பாதிதான் கலை, மீதி பொறுக்குவதில் இருக்கிறது.

பொறுக்குவதில் நான் பட்ட அடி ஒன்று. 'உயரம்' தலைப்புக்காக இருட்டோடு கிளம்பி ஒரு குன்றின் மேல் ஏறினேன். மூச்சு வாங்கியது, முட்டி சிராய்த்தது, உச்சியில் குளிரில் நாற்பது நிமிடம் காத்திருந்து ஒரு படம் எடுத்தேன். அதைத்தான் கொடுத்தேன். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. மறுநாள் கோபம் தணிந்து பார்த்தபோது தெரிந்தது, படத்தில் இருந்தது மூடுபனியும் சில மரங்களும்தான். ஏற்றமும் மூச்சிரைப்பும் சிராய்ப்பும் என் ஞாபகத்தில் இருந்தன, ஃபிரேமில் இல்லை. அதே மாதம் வீட்டில் எடுத்த இன்னொரு படம் கிடந்தது. அலமாரியின் மேல்தட்டை எட்ட முயல்கிற ஒரு குழந்தையின் எம்பிய குதிகால்கள். சும்மா எடுத்தது, அதனால் மதிக்கவில்லை.

அமெரிக்கத் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட் இதற்காகவே எடுத்த ஃபிலிமை உடனே கழுவ மாட்டார். ஒன்றிரண்டு வருடம்கூடக் கிடப்பில் போடுவார். எடுத்த நேரத்து உற்சாகம் மறந்த பிறகு, யாரோ எடுத்த படம்போல அதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1984-இல் அவர் இறந்தபோது சுமார் 2,500 சுருள்கள் கழுவப்படாமலே இருந்தன. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு வாரம் போதும். அதற்காகத்தான் கடைசி நாளில் எடுக்காதீர்கள் என்று சொல்வது.

பொறுக்கும்போது சில குறுக்கு வழிகள் உண்டு. படத்தைத் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கட்டமைப்பு உறுதியாக இருக்கிறது என்று பொருள். அப்புறம் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். இது ஆள், இது மரம் என்று மூளை பெயர் சொல்வதை நிறுத்திவிடும், வெளிச்சமும் இருட்டும் எங்கே கனக்கின்றன என்பது மட்டும் தெரியும். இரண்டு படத்துக்கு நடுவில் முடிவு எடுக்க முடியாவிட்டால் இரண்டையும் சின்னதாக அச்சுப்போட்டு, தினமும் நடக்கிற வழியில் ஒட்டிவிடுங்கள். நான்கு நாளில் ஒன்று சலித்துவிடும்.

அடுத்தது கருத்துச் சொல்வது. நண்பர்கள் கூட்டத்தின் பெரிய பலவீனம் 'சூப்பர்', 'அருமை', 'கலக்கிட்டீங்க'. கேட்க இனிக்கும், அடுத்த மாதத்துக்கு ஒன்றுக்கும் உதவாது. இன்னொரு பக்கம், எல்லாப் படத்தையும் ரூல் ஆஃப் தேர்ட்ஸ் (ஃபிரேமை மூன்று மூன்றாகப் பிரித்து, அந்தக் கோடுகளில் முக்கியமானதை வைக்கச் சொல்லும் விதி) என்ற ஒரே அளவுகோலால் அளக்கிற ஆசாமி ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவர் இன்னும் ஆபத்து. நாங்கள் கொஞ்ச காலமாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். படம் திரையில் வந்ததும் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் இரண்டே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது? இது தீர்ப்பு இல்லை, வெறும் தகவல். அதனால் யாருக்கும் வலிக்காது. ஆனால் நீங்கள் ஒரு பெண்ணின் முகத்தைக் காட்ட எடுத்த படத்தில் ஆறு பேர் கண்ணும் பின்னால் இருக்கிற சிவப்பு வாளிக்குப் போனது என்றால், வேறு விளக்கம் தேவையில்லை. ஒருமுறை என் படத்தைப் பார்த்து ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "இதில் இரண்டு படம் இருக்கிறது. எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யவில்லை." இடது பக்கம் மீன் வலை பின்னுகிறவர், வலது பக்கம் நாய்க்குட்டியோடு ஒரு பையன். இரண்டையும் விட மனமில்லாமல் அகலமாக எடுத்திருந்தேன். அந்த ஒரு வரியில் நான் மிச்சப்படுத்திய வருடங்கள் அதிகம்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. முதலாவது, பாராட்டுக்காக எடுக்க ஆரம்பிப்பது. எந்தக் குழுவிலும் ஆறு மாதத்தில் 'ஜெயிக்கிற படம்' எது என்று தெரிந்துவிடும். சுருக்கம் விழுந்த முகத்தை முறுக்கேற்றிய கறுப்பு வெள்ளையில் காட்டுவது, சூரியனுக்கு எதிரே நிழலுரு, நிறங்களைப் பிழிந்து ஊற்றிய வானம். ஒன்றிரண்டு தடவை செய்யலாம், தப்பில்லை. பழகிவிட்டால் நீங்கள் மற்றவர்களின் ரசனைக்குக் கூலி வேலை செய்கிறவராகிவிடுவீர்கள். இரண்டாவது, பழைய படத்தைத் தூசி தட்டிப் போடுவது. எல்லோரும் ஒரு மாதம் செய்வோம், நானும் செய்திருக்கிறேன். அன்றைக்கு மாட்டிக்கொள்ள மாட்டீர்கள், ஆனால் அந்த மாதம் வீண்.

மூன்றாவது, வெறி. சேர்ந்த உற்சாகத்தில் "தினம் ஒரு படம், 365 நாள்" என்று கிளம்பாதீர்கள். ஜேமி லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்கர் 1979 மார்ச் 31 தொடங்கி, 1997 அக்டோபர் 25 அன்று தான் இறக்கும்வரை நாளுக்கு ஒரு போலராய்டு படம் எடுத்தார். ஆறாயிரத்துக்கும் மேல். அவருக்கு அது நாட்குறிப்பு. தினமும் பல் துலக்குவதுபோல எடுத்தார், தினமும் நல்ல படம் வேண்டும் என்று எடுக்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் தினமும் நல்ல படம் வேண்டும் என்று ஆரம்பித்து, நாற்பதாவது நாள் இரவு பதினொன்றே முக்காலுக்குக் காலணியைப் படமெடுத்துக்கொண்டிருப்போம். மாதம் ஒன்று என்பது யோசிக்க, எடுக்க, கெடுக்க, திரும்ப எடுக்கப் போதிய இடைவெளி. அது நல்ல அளவு.

தலைப்புக்காக யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அடுத்தவர் குழந்தையை எடுக்கும் முன் பெற்றோரிடம் கேளுங்கள். பறவைக் கூட்டின் மறைப்பை விலக்கி எடுக்காதீர்கள், விலக்கிய கூடு வெயிலுக்கும் வேட்டையாடும் உயிர்களுக்கும் திறந்துகிடக்கும். ஃபோனில் எடுத்த கோப்பில் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வீட்டுக்குள் எடுத்ததை வெளியே பகிரும்போது அதை நீக்கிவிடுங்கள்.

லென்ஸ் விஷயம். வாங்க வேண்டாம் என்று சொன்னது சிக்கனத்துக்காக இல்லை. எந்த லென்ஸ் வேண்டும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது, அதனால்தான். கேமராவோடு வந்த கிட் லென்ஸிலேயே ஆறு மாதத் தலைப்புகளைச் செய்யுங்கள். பிறகு அந்த ஆறு மாதப் படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எந்தக் குவியத் தூரத்தில் எடுத்தது என்று பாருங்கள். கோப்பிலேயே பதிவாகியிருக்கும். பெரும்பாலானவை 35 மில்லிமீட்டரைச் சுற்றி இருந்தால், பெரிய துளையுள்ள 35 மில்லிமீட்டர் பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத லென்ஸ்) ஒன்று உங்களுக்குப் பயன்படும். எல்லாம் கிட் லென்ஸின் கடைசி அளவான 55-இல் போய் முட்டிக்கொண்டு நின்றால், நீங்கள் இன்னும் நெருங்க ஆசைப்பட்டீர்கள் என்று பொருள். அப்போதும் லென்ஸ் வாங்கும் முன் இரண்டு அடி முன்னால் நடந்து பாருங்கள். கேமராவையே மாற்ற வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். 6 × 4 அங்குலத்தில் அச்சுப்போட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும் 1,800 × 1,200 புள்ளிகள் போதும். 22 லட்சம் புள்ளிகூட இல்லை. உங்கள் ஃபோனிலேயே அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் இன்றுவரை ஃபோனில்தான் எடுக்கிறார். விடியற்கால விளக்கை எடுத்தவர் அவர் இல்லை, ஆனால் இழுபட்ட கோடுகளோடு சைக்கிளைப் படமெடுத்தவர் அவர்தான். ஷட்டர் வேகத்தை நாமே வைக்க அனுமதிக்கும் செயலி ஒன்றைப் போட்டிருந்தார், அவ்வளவுதான்.

கடைசியாக, அடுத்த தலைப்பு 'கை' என்றீர்களே. உங்கள் தாளில் முதல் ஐந்து வரியை நானே எழுதித் தருகிறேன்: பாட்டியின் சுருங்கிய கை, பெரியவர் விரலைப் பற்றிய கைக்குழந்தையின் விரல்கள், கூப்பிய கைகள், மண்பானை வனைகிற கைகள், சூரியனை ஏந்துகிற நிழலுருக் கைகள். ஐந்தையும் அடித்துவிட்டு ஆறிலிருந்து ஆரம்பியுங்கள். கையே இல்லாமல் கையைக் காட்ட முடியுமா என்று ஒரு நாள் யோசியுங்கள். கதவுப் பிடியைச் சுற்றி வருடக்கணக்காகத் தொட்டுத் தொட்டுத் தேய்ந்த வண்ணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லிவிட்டதால் அது இனி உங்களுடையது இல்லை. இன்னொரு நாள் வீட்டில் யாராவது ஒருவரைச் சம்மதிக்க வைத்து, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவர் தினமும் செய்கிற ஒரு வேலையைச் செய்யச் சொல்லுங்கள். நூல் கோர்ப்பதோ, செய்தித்தாள் மடிப்பதோ, மாத்திரை அட்டையைப் பிரிப்பதோ எதுவாக இருந்தாலும் சரி. ஜூமைத் தொடாமல் 36 எடுங்கள். ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். பிறகு ஒன்றைப் பொறுக்கி நண்பர்களிடம் கொடுங்கள். பொறுக்காமல் விட்டதில் இரண்டாவதாக வந்த படம் எது, அதை ஏன் விட்டீர்கள் என்று முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.